கடலின் பச்சையைப் படிக்கப் பழகுவது: மட்டக்களப்பின் கல்லடிக் கரையிலிருந்து

செய்மதிப் படத்தைத் திறக்க முதல் காற்றைப் பாருங்கள். நாசாவின் வேர்ல்ட்வியூ தளம் இலவசம், போனிலேயே திறக்கும், குளோரோபில் (பச்சையம்) அடுக்கைப் போட்டவுடன் கடல் நீலமும் பச்சையும் சிவப்புமாக விரியும். எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், வழுக்கி விழுவதும் அங்கேதான்.

கடலைப் பச்சையாக்குவது தாவரப் பிளாந்தன், தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய தாவர உயிர்கள். அதற்கு வெயிலும் வேண்டும், பசளையும் வேண்டும். வெயில் மேலே. நைத்திரேற்றும் பொசுபேற்றும் கீழே, குளிர்ந்த தண்ணீரில். வங்காள விரிகுடாவில் கங்கையும் ஐராவதியும் மழையும் கொட்டும் நன்னீர் உப்புத் தண்ணீருக்கு மேல் தட்டாகப் படர்ந்து கிடப்பதால் இரண்டும் லேசில் கலக்காது. பசளை மூட்டை கொட்டிலுக்குள் பூட்டிக் கிடக்க வயல் மஞ்சளாகிற கதைதான். அதைக் கலக்கிவிட நல்ல காற்று வேண்டும். புயல் என்றால் இன்னும் வேகம்: அது போன பாதையில் சில நாளில் பச்சைக் கோடு தெரியும், 1978 நவம்பர்ப் புயலைக் கண்ட நம் பெரிசுகளுக்குப் புயல் என்றால் வேறு ஞாபகம், அது தனிக் கதை.

நமக்குக் கச்சான் என்ற தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டெம்பர் வரைதான் பார்க்க வேண்டிய காலம். இலங்கையின் தென்கரையில் மேலெழும் பச்சைத் தண்ணீரைப் பருவக்காற்று நீரோட்டம் கிழக்கே இழுத்து விரிகுடாவுக்குள் வளைக்கும். நம் பக்கத்து ஆழ்கடலில் இடஞ்சுழியாக ஒரு பெரிய சுழலும் உண்டாகும், ஆய்வாளர்கள் ‘இலங்கைக் குவிமாடம்’ என்பார்கள், அதன் நடுவில் ஆழத்துக் குளிர்நீர் மேலே ஏறும்.

இனிப் படம். பருவக்காற்றில் முகில் மறைக்கும், ஒருநாள் படத்தில் பாதி ஓட்டைதான், ஆகவே நாசாவின் ஓஷன் கலர் பக்கத்தில் மாதச் சராசரியை எடுத்து ஒரே மாதத்தை வருடம் வருடமாக ஒப்பிடுங்கள். செய்மதியில் உள்ள மோடிஸ் என்ற கருவியின் பதிவு 2002இலிருந்து இருக்கிறது. வண்ண அளவுகோல் மடக்கையில் ஓடுகிறது: 0.1இலிருந்து 1க்கு உள்ள இடைவெளிதான் 1இலிருந்து 10க்கும். பக்கத்திலேயே இந்து சமுத்திர இருமுனைச் சுட்டியைக் குறித்துக்கொள்ளுங்கள், அது சமுத்திரத்தின் மேற்கும் கிழக்கும் எவ்வளவு வெப்பத்தில் வேறுபடுகின்றன என்று சொல்லும் எண், அவுஸ்திரேலிய வானிலைப் பணியகம் அதை வெளியிடுகிறது. 1997, 2019 போன்ற, மேற்கு சூடாகவும் கிழக்கு குளிராகவும் இருந்த நேர்முனை வருடங்களில் சுமாத்திராப் பக்கம் ஆழத்து நீர் ஏறி, வழக்கமாக வெறுமையாகக் கிடக்கும் கடல் பச்சையானது. பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் போட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பச்சையம் மிகுதி என்று படம் காட்டும் கரையோரச் சிவப்பை மட்டும் நம்பாதீர்கள். 2011 ஜனவரி மாதிரி வெள்ளம் வந்து முகத்துவாரம் உடைத்துப் பாய்ந்தால், வாவியின் சேற்றையும் பழுப்புத் தண்ணீரையும் செய்மதி பச்சையம் என்றே எண்ணிவிடும். இதற்குத்தான் தண்ணீரின் தெளிவை அளக்கும் செக்கித் தட்டு. பெயின்ட் வாளியின் வெள்ளை மூடி ஒன்று, நடுவில் துளை, அடியில் ஒரு கல், அரை மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. நைலோன் நனைந்தால் இழுபடும், பருத்தி சுருங்கும், ஆகவே முடிச்சுகளை நனைத்தபின் அளந்து போடுங்கள். உச்சி வெயிலில், தோணியின் நிழல் விழும் பக்கமாக இறக்கி, மூடி மறைகிற முடிச்சையும் இழுக்கும்போது திரும்பத் தெரிகிற முடிச்சையும் எண்ணிச் சராசரி எடுங்கள். மூடி மறையும் ஆழம் குறைவாக வந்தால் ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் பிடித்து ஓரிரவு ஆடாமல் வையுங்கள், அடியில் மண் படிந்தால் அது சேறு.

அப்புறம், ‘அப்ப சாளை படுமா?’ என்று மீனவர்கள் கேட்பார்கள். பச்சை கண்ட அன்றே வலையைத் தூக்க வேண்டாம். பிளாந்தன் பெருகி, அதைத் தின்னும் சிற்றுயிர் பெருகி, மீன் வந்து சேர நாளெடுக்கும், அதற்குள் நீரோட்டம் எல்லாவற்றையும் வேறிடத்துக்குக் கொண்டுபோயிருக்கும்.