வேப்பெண்ணெய் பாட்டிலைத் தேடும் முன்

தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், துளசி, கற்பூரவல்லி, தூதுவளை, கறிவேப்பிலை என்று நாலைந்து தொட்டி வைத்திருப்பவர்கள், பூச்சி கண்ணில் பட்டதும் வேப்பெண்ணெயைத் தேடுவார்கள். இயற்கை மருந்துதானே, எப்படி அடித்தால் என்ன என்ற நினைப்பு. பல செடிகள் அந்த நினைப்பில்தான் கருகுகின்றன.

சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டைப் பக்கம் தட்டட்டியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அந்த வெயிலில் எண்ணெய் பட்ட இலை வெந்துவிடும். மருந்துக்கும் வெயில் ஆகாது. வேம்பில் வேலை செய்கிற அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும். சாயங்காலம் 5 மணிக்கு மேல் அடியுங்கள். ஆனி, ஆடியில் காற்று அடங்கின நேரமாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணிக்குத்தான் மருந்து.

லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய் போதும். நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மிதக்கும். முதலில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் அடித்துக் கலக்கி, பால் போல வந்ததும் தண்ணீர் சேருங்கள். சலவைத்தூள் வேண்டாம், இலை தீய்ந்துபோகும். கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, தண்டில் வெள்ளையாக ஒட்டியிருப்பதையெல்லாம் மாவுப்பூச்சி என்று நசுக்குவது. மாவுப்பூச்சியையே தின்னும் பொறிவண்டு ஒன்று உண்டு, கிரிப்டோலேமஸ் என்று பெயர். 1898-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் புழுவும் வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொண்டு அச்சு அசல் மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி மந்தமாகக் கிடக்கும். இது விறுவிறுவென்று நகரும். மெழுகிழைகளும் நீளமாகக் கலைந்து தொங்கும். அதை விட்டுவையுங்கள். 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்டுப் பரவிய பப்பாளி மாவுப்பூச்சியை மருந்து அடித்துக் கட்டுப்படுத்த முடியவில்லை. 2010-ல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த சின்னஞ்சிறு குளவிதான் அடக்கியது.

எறும்பு வரிசையாகச் செடியில் ஏறுகிறதா? மேலே மாவுப்பூச்சியோ, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியோ இருக்கும். அவை கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். முதலில் எறும்பைத் தடுங்கள். தொட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைத்துவிட்டு மறந்துபோனால் டெங்கு கொசுதான் மிச்சம். தொட்டியைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவலாம். செடி சுவரில் சாய்ந்திருந்தால் அதுவும் வீண்.

கறிவேப்பிலைக் கன்றில் குருவி எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பது வண்ணத்துப்பூச்சிப் புழு. வளர்ந்தால் பச்சையாகிவிடும். தொட்டால் தலைப்பக்கம் கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி மிரட்டும், அவ்வளவுதான், கடிக்காது. இதற்கெல்லாம் மருந்து எதற்கு? கையால் எடுத்துவிடலாம். பக்கத்தில் பெரிய கறிவேப்பிலை மரம் இருந்தால் அதில் கொண்டுபோய் விடுங்கள், பிழைத்துப் போகட்டும்.

துளசியைப் பறித்து அப்படியே வாயில் போடுகிற வீட்டில் தண்ணீர்தான் முதல் மருந்து. ஓஸ் தண்ணீரை இலைக்கு அடியில் பீய்ச்சினாலே அசுவினியும் செம்பேனும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அப்புறமும் அடித்தே ஆகவேண்டும் என்றால், ரசத்துக்கும் கஷாயத்துக்கும் வேண்டியதை முன்கூட்டியே பறித்துக்கொள்ளுங்கள். அடித்த பிறகு ஒரு வாரம் அந்த இலையில் கை வைக்க வேண்டாம். வேப்பெண்ணெய்க் கசப்பு கழுவினாலும் லேசில் போகாது.