சொந்தப் பாட்டை வெளியிட எந்த விநியோகச் சேவை? புதியவர்களுக்குப் படிப்படியாக

மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் முடிந்து பாட்டு தயார். ஆனால் யூடியூபில் வீடியோ போடுவதுபோல ஸ்பாட்டிஃபையிலும் ஆப்பிள் மியூசிக்கிலும் நீங்களே ஏற்றிவிட முடியாது. கலைஞர்களே நேரடியாக ஏற்றும் வசதியை ஸ்பாட்டிஃபை 2018-ல் சோதித்துப் பார்த்தது; அடுத்த வருஷமே நிறுத்திவிட்டது. ஆக, பாட்டை உங்களிடம் வாங்கி இந்தத் தளங்களில் ஏற்றித்தரும் விநியோகச் சேவை, அதாவது ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், நடுவில் வேண்டும். எல்லாச் சேவைகளின் முகப்புப் பக்கமும் ஏறத்தாழ ஒரே வாக்குறுதியைத்தான் தருகிறது. வித்தியாசம் அடியில் இருக்கும் விதிமுறைகளில்தான்.

படி 1: வருஷத்துக்கு எத்தனை பாட்டு?

பணம் வாங்கும் முறை மூன்று வகை. முதலாவது ஆண்டுச் சந்தா. எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றலாம், பாட்டைக் கேட்பதற்காகத் தளங்கள் தரும் பணத்தில் (ஸ்ட்ரீமிங் ராயல்டி) கை வைக்க மாட்டார்கள். டிஸ்ட்ரோகிட் இந்த ரகம். முன்பு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனியாக வாங்கிவந்த டியூன்கோரும் 2022-ல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. இரண்டாவது, ஒரு வெளியீட்டுக்கு ஒரே முறை கட்டணம். 1998-ல் தொடங்கிய சிடி பேபி இப்படித்தான். கூடவே ராயல்டியில் 9 சதவீதம் எடுத்துக்கொள்ளும். மூன்றாவது, முன்பணமே இல்லாமல் வருவதில் பங்கு. ரூட்நோட்டின் இலவசத் திட்டத்தில் அந்தப் பங்கு 15 சதவீதம். இந்த எண்கள் மாறக்கூடியவை. பதிவு செய்யும் அன்று விலைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாதம் ஒரு சிங்கிள் (தனிப்பாட்டு) விடுகிறவருக்குச் சந்தா கட்டுப்படியாகும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு ஆல்பம் என்றால் ஒரே முறைக் கட்டணம் மேல். முதல் பாட்டு, யார் கேட்பார்கள் என்றே தெரியாது என்றால் பங்கு முறையில் தொடங்குவதில் தப்பே இல்லை. ‘ராயல்டி நூறு சதவீதமும் உங்களுக்கே’ என்ற விளம்பரத்துக்காக மட்டும் பணம் கட்டாதீர்கள். 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமை (கேட்ட தடவைகளை) தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ராயல்டி கணக்கிடுவதே இல்லை. பூஜ்யத்தில் நூறு சதவீதம் பூஜ்யம்தானே.

படி 2: விட்டுப் போனால் என்ன ஆகும்?

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் கேட்க மறப்பதும் இதைத்தான்.

சந்தா சேவைகளில் சந்தாவை நிறுத்தினால் பாட்டு எல்லாத் தளங்களிலிருந்தும் இறங்கிவிடலாம். அப்படி இறங்காமல் இருக்க, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு தனித்தொகை கட்டும் வசதியை டிஸ்ட்ரோகிட் தருகிறது. இருபது பாட்டு சேர்ந்தபிறகு அந்தத் தொகையைக் கூட்டிப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த சேவை அப்போது மலிவாகத் தெரியாது. ஒரே முறைக் கட்டணத்தில் இந்தக் கவலை கிடையாது.

வேறு சேவைக்கு மாறவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து-எண் குறியீடு உண்டு. உங்கள் பாட்டுக்கு இன்னும் வாங்கவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டரே ஒன்றைக் கொடுத்துவிடுவார். அதை எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாறும்போது அதே குறியீடு, அதே ஆடியோ ஃபைல், எழுத்துப் பிசகாமல் அதே தலைப்பு, அதே கலைஞர் பெயர் கொடுத்தால் பழைய ஸ்ட்ரீம் எண்ணிக்கை பொதுவாகக் கூடவே வரும். புதிய பதிப்பு தளத்தில் தெரிந்தபிறகே பழையதை இறக்கச் சொல்ல வேண்டும். ஆகவே, பழைய ஐஎஸ்ஆர்சியை உள்ளிட இடம் தராத சேவை வேண்டவே வேண்டாம்.

படி 3: உரிமை யாரிடம்?

மாஸ்டர் உரிமை, அதாவது அந்த ஒலிப்பதிவின் உரிமை, உங்களிடமே இருக்க வேண்டும். சேவைக்கு விநியோகிக்கும் அனுமதி மட்டும் போதும். ஒப்பந்தம் எத்தனை காலத்துக்கு, எத்தனை நாள் முன்னறிவிப்பில் விலகலாம் என்ற இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்ற முறையில் வரவேண்டிய பணம் வேறு கணக்கு. சாதாரண விநியோகத் திட்டத்தில் அது வராது. அதற்கெனக் காப்புரிமைச் சங்கத்தில் தனியாகப் பதிய வேண்டும்.

படி 4: யூடியூப் கன்டென்ட் ஐடி

உங்கள் பாட்டை வேறொருவர் வீடியோவில் போட்டால் அதைக் கண்டுபிடித்து வருமானத்தை உங்களுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு இது. தனி ஆட்களுக்கு யூடியூப் இதை நேரடியாகக் கொடுப்பதில்லை, டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகத்தான் கிடைக்கும். பல சேவைகள் இதற்குத் தனிக் கட்டணமோ பங்கோ கேட்கும். இணையத்தில் வாங்கிய பீட் (தயார் பின்னணி இசை), எல்லாருக்கும் கிடைக்கும் லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத் துண்டு) இவற்றை வைத்துச் செய்த பாட்டென்றால் இதைத் தொடாதீர்கள். அதே லூப்பைப் பயன்படுத்திய இன்னொருவரின் வீடியோ மீது உங்கள் பெயரில் உரிமைக்கோரல் போய் நிற்கும்.

படி 5: பணம் கைக்கு வரும் வழி

எவ்வளவு சேர்ந்தால் எடுக்கலாம், பேபாலா வங்கியா, எடுக்கும்போது எவ்வளவு பிடிப்பார்கள் என்று பாருங்கள். உங்கள் நாட்டில் அந்த வழி வேலை செய்கிறதா என்பதையும் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்த பாட்டென்றால், வருமானத்தைத் தானாகப் பிரித்து அனுப்பும் ஸ்ப்ளிட் வசதி இருக்கும் சேவையாக எடுங்கள். நட்பும் மிஞ்சும்.

படி 6: ஏற்றுங்கள்

ஆடியோ, 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் வேவ் ஃபைல் என்றால் எங்கும் ஏற்பார்கள். எம்பி3-யை வேவாக மாற்றி அனுப்புவதில் பயனில்லை. அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல் சதுரம். அதில் இணைய முகவரியோ தளங்களின் லோகோவோ கூடாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வெளியீட்டுத் தேதியை மூன்று நான்கு வாரம் தள்ளி வையுங்கள். பிளேலிஸ்ட்களைத் தொகுக்கும் ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க, கலைஞர்களுக்கான ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் பக்கத்தில் குறைந்தது 7 நாள் முன்பே அனுப்பிவிடுவது நல்லது. பாட்டு அங்கே வந்து சேரவே சில நாள் பிடிக்கும். வெளியான அன்று முதலில் பார்க்க வேண்டியது ஸ்ட்ரீம் எண்ணிக்கையை அல்ல, பாட்டு உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறதா என்பதை. அதே பெயரில் இன்னொரு பாடகர் இருந்தால் அவர் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். அன்றே டிஸ்ட்ரிபியூட்டரின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள்.