பெயர் பரவும் முன்பே கேட்டுவிட

திரையிசைக்கு வெளியே, சொந்தப் பாடல்களைத் தாமே இயற்றிப் பாடும் சுயாதீனக் கலைஞர்களைக் கேட்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கைபேசி காட்டும் பரிந்துரைப் பட்டியலிலிருந்தே தொடங்குகிறார்கள். பலர் ஏற்கெனவே கேட்டதைத்தான் அந்தப் பட்டியல் பெரும்பாலும் முன்னே தள்ளும் என்பதால், நேற்று முளைத்த குழு அதில் எளிதில் அகப்படாது. அதனால், ஒரு குழுவில் முன்னால் நிற்பவரை விட்டுவிட்டு, அவருக்குப் பக்கத்தில் வாசிப்பவர் யார் என்று பாருங்கள்.

காவிரிப் படுகையில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதன்று. சுவாமி புறப்பாட்டில் மல்லாரி என்னும் நாகசுர இசை ஒலிக்கும்போது எல்லோருடைய பார்வையும் மூத்த நாகசுரக்காரர் மேல் இருக்கும். காது தேர்ந்தவரோ, இரண்டாம் நாகசுரம் வாசிக்கும் இளைஞர் மூச்சு எடுக்கும் இடத்தையும், தவில்காரர் அவருக்கு விட்டுக்கொடுக்கும் இடைவெளியையும் கவனித்திருப்பார். திருவையாற்றில், தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியை ஒட்டி நடக்கும் தியாகராஜர் ஆராதனையிலும் அப்படித்தான்: பஞ்சரத்தினக் கீர்த்தனை பாடப்படும் காலையில் கூட்டம் நெரியும், மற்ற நாள்களின் பகல் வேளையில், சில நிமிடங்களே கிடைத்த இளம் பாடகர் அந்த நேரத்துக்குள் தம்மை எப்படிக் காட்டிக்கொள்கிறார் என்று கேட்க முன்வரிசையிலேயே இடம் கிடைக்கும். 

இதே காதை இணையத்துக்கும் கொண்டு செல்லலாம். யூடியூபில் ஒரு பாடல் பிடித்திருந்தால், கீழேயுள்ள விளக்கத்தைத் திறந்து, பாஸ் கிட்டார், டிரம்ஸ், ஒலிக்கலவை ஆகியவற்றுக்கு எதிரே உள்ள பெயர்களைத் தனித்தனியே தேடிப் பாருங்கள். 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய, சாதி எதிர்ப்புப் பாடல்கள் பாடும் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவை எடுத்துக்கொள்வோம். அதன் இசையமைப்பாளர் டென்மாவின் பெயரைப் பிடித்துச் சென்றால், பாடகர் கபேர் வாசுகியும் அவரும் சேர்ந்து இயங்கிய குரங்கன் குழு கிடைக்கிறது. அங்கிருந்து வாசுகியின் தனிப்பாடல்களுக்குப் போகலாம். மூன்றே பெயர்களில் ஒரு வட்டாரமே திறந்துவிடுகிறது. கலைஞர்கள் தம் இசையை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் இன்னொரு வசதி உண்டு: ஓர் இசைத்தொகுப்பை வாங்கியவர்களின் படங்கள் அதன் பக்கத்திலேயே தெரியும், அவற்றுள் ஒன்றைத் தொட்டால் அந்த ரசிகர் வாங்கிய மற்றத் தொகுப்புகளும் வரும். காசு கொடுத்து வாங்கியவரின் ரசனையை, பார்வை எண்ணிக்கையைவிட நான் மிகுதியாக நம்புகிறேன்.

கண்டெடுத்தவரை உடனே கொண்டாட வேண்டியதில்லை. ஒரே பாடலின் ஒலிக்கூடப் பதிவையும் மேடைப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மேடையில் சுருதி சற்று விலகுவது பெரிய குறையன்று, ஆனால் வரிகளே காதில் விழாமல் தாளக்கருவிகளின் இரைச்சல் மட்டும் மிஞ்சினால், பாடலில் அவ்வளவுதான் இருந்தது என்று கொள்ளலாம். பிறர் பாடல்களை மட்டுமே பாடிப் பதிவேற்றுகிறவர்களை நான் ஓராண்டு காத்திருந்து பார்ப்பது வழக்கம். சொந்தப் பாடல் ஒன்றாவது வரவேண்டும்.

உங்கள் ஊருக்கு அருகில் அவர்கள் வாசிக்க வந்தால் கட்டாயம் போங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பாடகரைச் சுற்றிப் படமெடுக்கக் கூட்டம் நிற்கும். அந்நேரம் மேடையின் ஓரத்தில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும் டிரம்ஸ்காரரிடம் சென்று, அடுத்து யாரோடு வாசிக்கப் போகிறீர்கள் என்று கேட்டு, அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.