டயாட்டம் ஓட்டைக் காற்றிலேயே பாருங்கள்
அண்டார்க்டிகக் கரையோரக் கடற்படுகை டயாட்டம்களை, அதாவது சிலிக்கா ஓடு கொண்ட ஒருசெல் பாசிகளை, முதற்கட்டமாக வகைப்படுத்த, ஓடுகளைப் பதித்துப் பார்க்கும் விலையுயர்ந்த பிசின் தேவையில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடில் சுத்தம் செய்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசிய ஓடுகளைக் கவர் ஸ்லிப் என்னும் மெல்லிய கண்ணாடித் துண்டில் உலர்த்தி, அதை நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்து ஓரங்களில் நகப்பூச்சு தடவினால் போதும். டயாட்டம் சிலிக்காவின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.43, நீருக்கோ 1.33, இவ்வளவு சிறிய வேறுபாட்டில் மங்கிக் கிடக்கும் ஓட்டின் நுண்வரிகளும் நடுப்பிளவும் (ஓட்டின் நீளவாக்கில் செல்லும் மெல்லிய பிளவு), எண் 1 உள்ள காற்றில் பளிச்செனத் தெரிகின்றன. காக்கோனிஸ் என்னும் டயாட்டம் பேரினத்தில் ஓட்டின் ஒரு மூடியில் நடுப்பிளவு இருக்கும், மறுமூடியில் இராது. அவற்றை இரண்டு இனங்களாக எண்ணிவிட வேண்டாம்.

சென்னையின் ஈரக்காற்றில் தானாக உலர விடாமல் சூடேற்றும் தட்டில் உலர்த்துவதே நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீரில் அலசினால் உப்புப் படிகங்கள்தாம் மிஞ்சும். மிக நெருக்கமான வரிகள் கொண்ட இனங்களுக்கும் நிரந்தரச் சேகரிப்புக்கும் இம்முறை உதவாது. உயிருள்ள செல்களை எண்ணுவதாயின் மாதிரியைச் சுத்தம் செய்யவே கூடாது.