குதிகால் நாண் வலிக்குப் பிறகு நெடுந்தூர ஓட்டத்துக்குத் திரும்புவது எப்படி?

குதிகால் நாணில் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நார்) வந்த வலியால் ஒரு பருவம் முழுவதும் போட்டிகளை விட்டுவிட்டு, பிறகு அரை மாரத்தான் வரை திரும்பி வந்தேன். அந்த வழியில் எனக்குக் கைகொடுத்ததை வரிசையாக எழுதுகிறேன். ஷூ தேர்வு, ஓட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றுவது ஆகியவற்றைப் பற்றி வேண்டிய அளவு எழுதியிருக்கிறார்கள். அவற்றுக்குள் நான் போகவில்லை.

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்த முறை நாண் வலிக்கு மட்டும்தான். எலும்பின் மேல் விரல் நுனியை வைத்து 'இங்கேதான்' என்று காட்ட முடிகிற வலியும், ஓய்விலும் இரவிலும் தொடரும் வலியும் எலும்பின் நுண்முறிவாக இருக்கலாம். அதில் சிறு வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டு ஓடக் கூடாது. பின்னங்காலில் யாரோ உதைத்ததுபோல் சட்டென்று உணர்ந்து, பிறகு நுனிக்காலில் எழ முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

படி 1: ஓடத் தயாரா என்று பார்ப்பது

30 நிமிடம் விறுவிறுப்பாக நடந்த பிறகும், அதற்கு மறுநாள் காலையிலும் வலி கூடாமல் இருக்க வேண்டும். அடுத்து, சுவரை லேசாகப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஆரோக்கியமான காலுக்கு 25 முறை என்பது வழக்கமான அளவுகோல். நல்ல கால் 25 செய்யும்போது வலித்த கால் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்றால், இன்னும் சில வாரங்கள் வலுவூட்டும் பயிற்சிதான்.

படி 2: நாணுக்குச் சுமை கொடுப்பது

ஓய்வு வலியைக் குறைக்கும், நாணை வலுவாக்காது. அதற்குச் சுமை வேண்டும். 1998-ல் சுவீடனைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃபிரெட்சன் வெளியிட்ட பயிற்சி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் 3 சுற்று, மடக்கி 3 சுற்று. இதைக் காலையும் மாலையும் 12 வாரம் செய்ய வேண்டும். முழங்காலை மடக்கும்போது கெண்டைக்காலின் உள்தசைக்கு அதிக வேலை கிடைக்கிறது. நெடுந்தூர ஓட்டத்தில் பெரும் பாரத்தைச் சுமப்பது அந்தத் தசைதான்.

இது நாளொன்றுக்கு 180 முறை. பலர் இடையில் விட்டுவிடுவார்கள். கனமான சுமையோடு மிக மெதுவாக, வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் செய்யும் முறையை நான் பரிந்துரைக்கிறேன். 2015-ல் டென்மார்க்கில் இரண்டையும் ஒப்பிட்டபோது பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கருவி என்று பார்த்தால், புத்தகங்கள் நிரப்பிய முதுகுப்பை போதும். ரப்பர் பட்டைகளை வாங்காதீர்கள். ஓட்டக்காரரின் நாணுக்கு அந்தச் சுமை பற்றவே பற்றாது.

*பின்சேர்க்கை:* குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கினால் வலி கூடுகிறது என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். வலி நாணின் நடுவில் இல்லாமல், நாண் எலும்போடு சேரும் இடத்தில் இருந்தால் அப்படி ஆகும். அவர்கள் சமதரையில் நின்றே செய்யுங்கள். தரைமட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டாம்.

படி 3: ஓட்டமும் நடையும்

1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, மொத்தம் 8 சுற்று. சமதரையில், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். நடந்து ஓடுவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே பல்லாண்டுகளாகக் கற்பித்து வந்த முறை இது. விலையுயர்ந்த கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, 'பீப்' என்று ஒலிக்கும் சாதாரண டைமரோடு ஓடுங்கள். வேகம் கண்ணில் பட்டால் கால் தானாக விரையும்.

படி 4: மறுநாள் காலைச் சோதனை

நான் தடுமாறிய இடம் இதுதான். ஆகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

ஓடத் தொடங்கும்போது லேசாக வலிக்கும் நாண், பத்து நிமிடத்தில் சூடேறியதும் வலியை மறைத்துவிடும். 'சரியாகிவிட்டது' என்று மனம் துள்ளும். ஓட்டம் முடிந்த கையோடு வலியைக் கணக்கிட்டால் எப்போதும் நல்ல பதில்தான் கிடைக்கும். உண்மை மறுநாள் காலையில், படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் தெரியும்.

எனவே தினமும் காலையில் ஒரே மாதிரி சோதியுங்கள். எழுந்தவுடன் பத்து அடி நடங்கள். பிறகு வலித்த காலில் குதிகாலைப் பத்து முறை உயர்த்துங்கள். வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்து நோட்டில் எழுதுங்கள். முந்தைய நாளின் எண்ணைப் பார்க்காமல் எழுதுவது முக்கியம். பார்த்தால் கை அதையே எழுதும்.

எண் வழக்கம்போல் இருந்தால் திட்டப்படி தொடரலாம். ஒன்று கூடியிருந்தால் அடுத்த ஓட்டத்தில் தூரத்தைக் கூட்டாதீர்கள். இரண்டோ அதற்கு மேலோ கூடியிருந்தால், எண் பழைய நிலைக்கு வரும்வரை நடை மட்டும். கரின் சில்பர்நாகல் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியின்போது 5 வரையான வலியை அனுமதித்தார்கள். மறுநாள் காலைக்குள் அது தணிந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. தனியாகப் பயிற்சி செய்பவர்களுக்கு 3 போதும் என்பது என் கருத்து. வலிநிவாரணி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் இந்தச் சோதனைக்கே பொருளில்லை.

படி 5: கூட்டுவது

மூன்று வார ஓய்வில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் சுமார் 7 சதவீதம் குறைவதை அமெரிக்க உடலியல் ஆய்வாளர் எட்வர்ட் கோயில் (Coyle) 1984-ல் அளந்தார். பயிற்சி தொடங்கியதும் இதயமும் நுரையீரலும் விரைவில் மீளும். நாணுக்கு மாதங்கள் தேவை. நான்காவது, ஐந்தாவது வாரத்தில் மூச்சு எளிதாகி 'இன்னும் ஓடலாம்' என்று தோன்றும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும்.

வாரத்துக்கு 10 சதவீதம் மட்டும் கூட்டுங்கள் என்ற விதியை எல்லோரும் சொல்வார்கள். 2008-ல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிய ஓட்டக்காரர்களிடம் அதைச் சோதித்தபோது காயங்கள் குறையவில்லை. வாரக் கணக்கைவிட, ஒரே ஓட்டத்தில் தாவாமல் இருப்பதையே நான் பார்க்கிறேன். கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டாதீர்கள்.

முதலில் நேரம், அடுத்து வாரத்தில் ஓடும் நாட்கள், பிறகு வேகம், கடைசியில் மேடு. மேட்டில் ஏறும்போது நாண் அதிகம் இழுபடும். ஒரே வாரத்தில் இரண்டைக் கூட்டாதீர்கள்.

படி 6: போட்டிக்குப் பெயர் கொடுப்பது

வலி எண் கூடாமல் 10 கிலோமீட்டர் ஓட முடிந்த பிறகு, ஒரு 10 கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுங்கள். அரை மாரத்தான் அதற்குப் பிறகு. முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டரை அடுத்த பருவத்துக்கு வையுங்கள். போட்டிக் காலத்திலும் படி 2-ன் பயிற்சியை வாரம் இரண்டு நாள் விடாமல் செய்யுங்கள்.

*இன்னொரு பின்சேர்க்கை:* போட்டி வாரத்தில் எண் கூடினால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். அந்த வாரம் முழுவதும் நடையும் சைக்கிளும் போதும். சில நாள் ஓடாததால் திறன் குறையாது. போட்டியன்று காலையிலும் எண் வழக்கத்தைவிட இரண்டு கூடுதலாக இருந்தால் கலந்துகொள்ளாதீர்கள். கட்டிய பணம் போனாலும் போகட்டும்.