ஸ்டீம் டெக்கை டிவியில் போட்டால் கேம் மங்கலாகத் தெரிகிறதா?

கையில் பிடித்து கேம் ஆடும் கருவியான ஸ்டீம் டெக்கில் இருப்பது ஒரே ஒரு டைப்-சி போர்ட். சார்ஜுக்கும் அதுதான், டிவிக்குப் படம் போவதும் அதன் வழியாகத்தான். அதனால் சார்ஜரையும் எச்டிஎம்ஐ கேபிளையும் சேர்த்துச் செருகுகிற மாதிரி ஒரு ஹப் வாங்கினேன். டெக்கின் சார்ஜர் 45 வாட். ஹப் அதைத் தாங்குமா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

படம் உடனே வந்துவிட்டது. ஆனால் கேமுக்குள் போனதும் ஒரே மங்கல். மெனு எழுத்துகள் பளிச்சென்று இருக்க, கேமில் மட்டும் ஓரமெல்லாம் பிசிறடித்தது. அப்போதே தெரிந்துவிட்டது, கேபிளில் கோளாறு இல்லை. டெக்கின் சொந்தத் திரை 1280×800. பெரிய டிவியில் போட்டாலும் கேம் அந்த அளவிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

கேமின் பக்கத்தில் பல்சக்கரத்தை அழுத்தி, பிராப்பர்ட்டீஸில் கேம் ரெசல்யூஷனை 1920×1080 ஆக்கினேன். அப்புறம் கேமுக்குள்ளும் கிராபிக்ஸ் பகுதியில் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இதை விட்டால் பலன் இல்லை. புல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தபோது மனசு நிறைந்துவிட்டது! 4கே மட்டும் வேண்டாம், பெரிய கேம்கள் திணறும்.

பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான் என்றால், டிவி செட்டிங்ஸில் கேம் மோடை ஆன் செய்யுங்கள்.