ப்ரொஃபைலில் 32, ஓடுவது 48: எல்பார் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐபிஎம் பவர் சர்வர்களில் ஏ.ஐ.எக்ஸ். (ஐபிஎம்மின் யூனிக்ஸ்) கற்க வருகிறவர்களில் பலர் விஎம்வேரில் கை பழகியவர்கள். எல்பார் (LPAR, ஒரே பவர் எந்திரத்தைப் பிரித்து உருவாக்கும் தனி சர்வர் பங்கு) என்றதும், "இதுவும் ஒரு வி.எம். தானே" என்று மனதில் எழுதிக்கொள்கிறார்கள். வேண்டாம். இங்கே பங்கிடும் மென்பொருளான ஹைப்பர்வைசர் எந்திரத்தின் ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது, நாம் நிறுவுவதில்லை. 2001-ல் பவர்4 சிப்போடு வந்த பி690-ல் கோர்களை முழுசு முழுசாகத்தான் பங்கிட முடிந்தது. 2004-ல் பவர்5 வந்த பிறகே ஒரு கோரில் பத்தில் ஒரு பங்கை ஓர் எல்பாருக்குக் கொடுக்கும் வசதி வந்தது. பவர்7 பிளஸ் முதல் அது 0.05 வரை இறங்கிவிட்டது. குழப்பமும் இந்தத் துண்டுக் கணக்கில்தான் தொடங்குகிறது.

என்டைட்டில்மென்ட், விர்ச்சுவல் புரொசசர் இரண்டையும் ஒன்றாக நினைப்பது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. என்டைட்டில்மென்ட் என்பது உங்கள் வயலுக்கு உரிய முறைத் தண்ணீர். யார் எவ்வளவு இழுத்தாலும் அது உங்களுக்கு உண்டு. விர்ச்சுவல் புரொசசர் என்பது வயலில் திறந்துவைத்த மடை. என்டைட்டில்மென்ட் 0.5, விர்ச்சுவல் புரொசசர் 2, அன்கேப்டு (உரிமைக்கு மேலும் எடுக்கலாம்) என்று ஓர் எல்பார் இருந்தால், ஒவ்வொரு 10 மில்லி விநாடிக்கும் 5 மில்லி விநாடி புரொசசர் நேரம் நிச்சயம். எல்பார்கள் பகிர்ந்துகொள்ளும் கோர்த் தொகுப்பான பூலில் மிச்சம் இருந்தால் இரண்டு கோர் வரை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஏரி தளும்பினாலும் ஒரு சொட்டு வராது, மடை இரண்டுதான்.

சரி, மடையை அதிகமாக்கிவிடலாமே என்று அதே 0.5-க்குப் பத்து விர்ச்சுவல் புரொசசர் வைப்பவர்களும் உண்டு. பூல் நெருக்கடியில் இருக்கும்போது எல்லா மடையும் திறந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் அரை மில்லி விநாடிதான். வேலை கேஷில் ஏறிச் சூடாவதற்குள் கோர் அடுத்தவருக்குப் போய்விடும். சும்மா இருக்கும் புரொசசர்களை ஏ.ஐ.எக்ஸ். மடித்து வைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் அதை நம்பி எண்ணைக் கூட்டுவது சரியான திட்டமிடல் அல்ல. அளக்கும்போதும் பயனர் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். எல்பார்ஸ்டாட் கட்டளை காட்டும் ஃபிஸ்க் (physc, எடுக்கும் கோர்கள்), என்ட்க் (entc, அது உரிமையில் எத்தனை சதவீதம்) என்ற இரண்டு பத்திகளைப் பாருங்கள். ஃபிஸ்க் 1.5, என்ட்க் 300 என்றால் உரிமைப் பங்கைப் போல மூன்று மடங்கு ஓடுகிறது, அதில் இரண்டு மடங்கு இரவல் என்று பொருள். பக்கத்து எல்பார் விழித்துக்கொள்ளும் நாளில் அந்த இரவல் நின்றுவிடும்.

எனக்கு நேரடியாகச் சூடு போட்ட தவறு வேறு. ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் எல்பாருக்கு டி.எல்பார் (அணைக்காமலே வளங்களை மாற்றும் வசதி) மூலம் 32 ஜிபி மெமரியை 48 ஆக்கினேன். வேலை அருமையாக நடந்தது. சில மாதங்கள் கழித்துப் பராமரிப்புக்காக அதை அணைத்து, எச்.எம்.சி.யில் (எல்பார்களை நிர்வகிக்கும் கன்சோல்) ப்ரொஃபைலைத் (எல்பாரின் வள அளவுகளை எழுதிவைத்த பதிவு) தேர்ந்து ஏற்றினோம். எழுந்து வந்தது 32 ஜிபியோடு. காலையில் மெமரி போதாமல் டிஸ்க்குக்குப் பேஜிங் தொடங்கிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. டி.எல்பார் மாற்றுவது ஓடுகிற எல்பாரை. ப்ரொஃபைல் தனி ஏடு. மாற்றங்களைத் தானாக ப்ரொஃபைலில் சேமிக்கும் அமைப்பு எச்.எம்.சி.யில் இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள், இல்லையேல் ஒவ்வொரு முறையும் நடப்பு அமைப்பைக் கையால் சேமியுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. ப்ரொஃபைலில் அதிகபட்ச மெமரியை 64-லிருந்து 96 ஆக்கிவிட்டு, ஏ.ஐ.எக்ஸுக்கு உள்ளிருந்து ரீபூட் கொடுத்து, "ஏன் மாறவில்லை?" என்று கேட்பார்கள். உள்ளிருந்து ரீபூட் செய்தால் ப்ரொஃபைல் மறுபடி படிக்கப்படாது. முழுதாக அணைத்து, ப்ரொஃபைலோடு ஏற்ற வேண்டும். அதற்காக அதிகபட்சத்தை இஷ்டத்துக்கு ஏற்றிவைக்கவும் கூடாது. ஹைப்பர்வைசர் பேஜ் டேபிளை (மெமரி முகவரிகளின் அட்டவணை) அதிகபட்ச அளவுக்குத்தான் ஒதுக்குகிறது. விகிதம் 64-க்கு 1 என்றிருந்தால், 1 டிபி அதிகபட்சத்துக்கு 16 ஜிபி சும்மா போய்விடும்.

ப்ரொஃபைல் குழப்பம் ஸ்டோரேஜில் வந்தால் இன்னும் மோசம். என்.பி.ஐ.வி. முறையில் (ஒரே ஃபைபர் போர்ட்டைப் பல எல்பார்கள் பகிர்வது) ஒரு விர்ச்சுவல் ஃபைபர் அடாப்டரை டி.எல்பாரில் சேர்க்கிறீர்கள். பிறகு நினைவு வந்து ப்ரொஃபைலிலும் அதே அடாப்டரைக் கையால் எழுதுகிறீர்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எச்.எம்.சி. இரண்டாவதற்குப் புதிய டபிள்யூ.டபிள்யூ.பி.என். (ஸ்டோரேஜ் வலையில் அடாப்டரின் அடையாள எண்) ஜோடியைக் கொடுத்துவிடும். ஸ்விட்ச்சில் ஜோன் (யார் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்ற அனுமதி) போட்டிருப்பது பழைய ஜோடிக்கு. அடுத்த முறை ப்ரொஃபைலோடு ஏற்றும்போது டிஸ்க் ஒன்றும் தெரியாது. இங்கேயும் நடப்பு அமைப்பைச் சேமிப்பதே வழி, கையால் எழுதாதீர்கள்.

அந்த ஜோடியில் இரண்டாவது எண்ணையும் மறக்காதீர்கள். சாதாரண நாட்களில் அது ஸ்விட்ச்சில் லாகின் ஆகாது என்பதால் ஸ்டோரேஜ் குழு அதை விட்டுவிடுவது வழக்கம். எல்பாரை வேறு எந்திரத்துக்கு உயிரோடு நகர்த்தும்போது அந்த எண்தான் மறுபக்கம் எழுகிறது. ஜோன் இல்லையென்றால் நகர்த்தல் சோதனைக் கட்டத்திலேயே நின்றுவிடும்.

மற்ற எல்பார்களுக்கு டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் வழங்கும் வி.ஐ.ஓ. சர்வர் இரண்டு வைத்தால் போதும், ஒன்று விழுந்தாலும் கவலையில்லை என்பதும் பாதி உண்மைதான். விர்ச்சுவல் ஸ்கஸியில் டிஸ்க்கின் ரிசர்வ் பாலிசியை இரண்டு வி.ஐ.ஓ. சர்வர்களிலும் நோ ரிசர்வ் ஆக்காவிட்டால் ஒன்று டிஸ்க்கைப் பூட்டிக்கொள்ளும். கிளையன்ட் பக்கம் ஹெல்த் செக் இடைவெளி பூஜ்யமாகவே கிடந்தால், விழுந்த பாதை திரும்பி வந்தாலும் தானாகச் சேராது. ஒரு வி.ஐ.ஓ.வை அணைத்து, ஏற்றி, பாதைகள் மீண்டனவா என்று பார்த்துவிட்டே அடுத்ததைத் தொடுங்கள்.

கடைசியாக, குளோன். ஒரே ஏ.ஐ.எக்ஸ். இமேஜிலிருந்து பல எல்பார்களை உருவாக்கினால் ஆர்.எம்.சி. (எச்.எம்.சி.யோடு எல்பார் பேசும் சேவை) நோட் அடையாளமும் நகலாகிவிட வாய்ப்புண்டு. அப்போது எச்.எம்.சி.க்கு யார் யாரென்று தெரியாமல் டி.எல்பார் வேலை செய்யாது. ஃபயர்வாலில் ஆர்.எம்.சி.யின் 657 போர்ட்டைத் தேடி அரை நாள் போக்குவதற்கு முன், அந்த எல்பாருக்குள் ரெக்எஃப்ஜிசிடி (recfgct) கட்டளையை ஓட்டிப் புதிய அடையாளம் கொடுத்து, சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.